தடித்த தழும்புக்கு எது: ஊசியா, கத்தியா, லேசரா?

காயம் ஆறிய இடத்தில் தழும்பு தடித்து மேலே எழும்பிவிட்டால் நம் கொங்குப் பக்கத்தில் முதலில் வரும் கேள்வி, "இதை அறுத்து எடுத்துட்டாச் சரியாப் போயிருமுங்களா?" என்பதுதான். காதுமடலில் சுண்டைக்காய் அளவுக்குச் சதை வளர்ந்த பெண்ணின் அம்மா கேட்பார். நெஞ்சில் பரு வந்த இடம் பட்டையாகத் தடித்துப்போன பையன் கேட்பான். கொதிக்கும் வெல்லப்பாகு பட்ட கையை நீட்டிக்கொண்டு கவுந்தப்பாடிப் பக்கத்து ஆலைக்காரர் கேட்பார். மூவருக்கும் ஒரே பதில் கிடையாது. அந்தப் பெண்ணுக்கு அறுவை நல்ல வழியாக இருக்கலாம். பையனுக்கு அதுவே கெடுதலாக முடியலாம். ஆலைக்காரருக்குக் கத்தியை எடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன.

பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் தடித்த தழும்பில் இரண்டு வகை உண்டு. முதல் வகையை டாக்டர்கள் ஹைபர்ட்ராபிக் தழும்பு என்று எழுதுவார்கள். காயம் எவ்வளவு இடத்தில் இருந்ததோ அந்த எல்லைக்குள்ளேயே தடிக்கும். காயம் ஆறிய ஒன்றிரண்டு மாதத்தில் எழும்பும், சில மாதம் சிவந்து அரிக்கும், அப்புறம் ஒரு வருடம், ஒன்றரை வருடத்தில் தானாகவே ஓரளவு அமுங்கும். இரண்டாவது வகைதான் கீலாய்டு. இது காயத்தின் எல்லையைத் தாண்டி நல்ல தோலுக்குள் பரவும். காயம் ஆறி மாதங்கள் கழித்து, சில பேருக்கு வருடங்கள் கழித்துக்கூட ஆரம்பிக்கும். தானாக அமுங்குவது மிக அபூர்வம். அரிக்கும், சுருக்கென்று குத்தும். நடுநெஞ்சு, தோள், மேல்கை, மேல்முதுகு, காதுமடல், தாடை ஓரம் ஆகிய இடங்களில்தான் அதிகம் வரும். உள்ளங்கை, உள்ளங்கால், கண் இமை ஆகியவற்றில் அநேகமாக வராது. கருத்த தோல் உள்ளவர்களுக்கும், 10 முதல் 30 வயதுக்குள் இருப்பவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல். வீட்டில் யாருக்காவது இருந்தால் இன்னும் கூடுதல். தொற்றிக்கொள்ளாது. புற்றுநோயும் அல்ல.

காயத்தை மூடுவதற்காகத் தோல் கொலாஜன் என்ற நார்ப்பொருளை உண்டாக்குகிறது. மூடி முடிந்ததும் அந்த வேலை நிற்க வேண்டும். கீலாய்டு வருகிற தோலில் நிற்பதில்லை. அப்படிப்பட்ட தோலில் அறுவையும் ஒரு புதுக் காயம்தானே! வயலில் கோரையை மேலோடு வெட்டினால் கிழங்கிலிருந்து மறுபடி கிளம்புகிற கதைதான். கீலாய்டை வெறுமனே அறுத்துத் தைத்துவிட்டால் மறுபடி வருகிற வாய்ப்பு 45 முதல் 100 சதவீதம் வரை என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. வரும்போது முன்பைவிடப் பெரிதாக வருவதும் உண்டு.

அதனால் சிகிச்சைகளை ஒப்பிடும்போது நான் இரண்டு விஷயங்களைத்தான் முன்னால் வைப்பேன். திரும்ப வராமல் இருக்க எவ்வளவு வாய்ப்பு? அந்தச் சிகிச்சையை நீங்கள் பாதியில் விடாமல் முடிக்க முடியுமா? விளம்பரப் படங்களில் காட்டுகிற 'முன்பு, பின்பு' எல்லாம் இந்த இரண்டுக்கும் பிறகுதான். அந்தப் 'பின்பு' எத்தனை மாதம் கழித்து எடுத்த படம் என்று யாரும் எழுதுவதில்லை.

ஊசி

கீலாய்டுக்கு முதலில் கையில் எடுப்பது ஸ்டீராய்டு ஊசி. மருந்தின் பெயர் டிரையம்சினலோன். மருந்துக் கடையில் கெனகார்ட் என்றால் தெரியும். தழும்புக்குள்ளேயே மெல்லிய ஊசியால் 3 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை போடுவார்கள். ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் முதல் 40 மில்லிகிராம் வரை வலு இருக்கும். முகத்துக்குக் குறைவாகவும், தோள், நெஞ்சுக்குக் கூடுதலாகவும் எடுப்பார்கள். நான்கைந்து தடவை போட வேண்டிவரும். பெரிய தழும்பு என்றால் அதற்கு மேலும் ஆகும். அரிப்பும் வலியும் சீக்கிரமே குறையத் தொடங்கும். மேடு அமுங்கத்தான் மாதங்கள் ஆகும். பலன் கிடைத்தவர்கள் 50 முதல் 100 சதவீதம், மறுபடி வந்தவர்கள் 9 முதல் 50 சதவீதம் என்று ஆய்வுகளில் கணக்கு அகலமாக இருக்கிறது. தழும்பு இருக்கும் இடம், அதன் வயது, எத்தனை மாதம் கவனித்தார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது. அகலமான கணக்குதான், ஆனாலும் வெறும் அறுவையோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது மேல் என்று தெரியும்.

வலிக்கும். அதை மறைத்துப் பேசி என்ன பயன்? கெட்டியான தழும்புக்குள் மருந்து இறங்க மறுக்கும், ஊசி போடுகிறவர் கட்டைவிரலைப் பலமாக அழுத்த வேண்டியிருக்கும். மரத்துப்போகும் மருந்தைக் கலந்தும், முன்னால் ஐஸ் வைத்தும் வலியைக் குறைக்கலாம். தழும்பு இளக இளக அடுத்தடுத்த ஊசிகள் சுலபமாகும். முதல் ஊசியோடு ஓடிப்போகிறவர்களுக்கு இந்தச் செய்தி தெரிவதில்லை.

கைப்பழக்கம் முக்கியம். மருந்து தழும்பின் உடம்புக்குள்ளேயே நிற்க வேண்டும். ஆழம் தவறிக் கீழே கொழுப்பில் இறங்கினால் அந்த இடம் குழிவிழும். சுற்றியுள்ள தோல் வெளுக்கும். வெளுப்பு பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகும் என்றாலும், நம் நிறத்துக்கு அதுவரை பளிச்சென்று தெரியும். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசி போட்ட சில நாள் அளவு ஏறலாம். பெண்களுக்கு மாதவிலக்கு முன்பின் தள்ளிப்போகலாம். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால், வேறு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து ஊசியையே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. கர்ப்பமாக இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். வழக்கமாகத் தள்ளிப்போடுவார்கள். கர்ப்ப காலத்தில் சிலருக்குக் கீலாய்டு பெரிதாவதும் உண்டு, பயப்பட வேண்டியதில்லை.

ஸ்டீராய்டு மட்டும் போட்டு அசையாத தழும்புக்கு ஃபுளூரோயுராசில் என்ற மருந்தைச் சேர்ப்பார்கள். பழக்கத்தில் உள்ள ஒரு கலவை, இதில் 9 பங்கும் ஸ்டீராய்டில் 1 பங்கும். ஒப்பிட்ட ஆய்வுகளில் தனி ஸ்டீராய்டைவிடக் கலவைக்கே பலன் கூடுதலாக வந்திருக்கிறது. ஸ்டீராய்டு குறைவாகப் போவதால் குழியும் வெளுப்பும் குறைகின்றன. செல்போனில் பெயரைத் தட்டிப் பார்த்தால் புற்றுநோய் மருந்து என்று வரும், வீடே கலங்கிப்போகும். உண்மைதான், அது புற்றுநோய்க்கும் கொடுக்கிற மருந்துதான். ஆனால் தழும்புக்குள் போடுகிற அளவு சிறியது, அதனால் முடி கொட்டாது. போட்ட இடம் புண்ணாவதும் கருப்பதும் நடக்கலாம். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கிறவர்களுக்கும் கூடவே கூடாது.

ஊசியின் பெரிய சாதகம் விலை. மருந்துக்குச் சில நூறு ரூபாய்க்கு மேல் ஆகாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு உண்டு. கோவை, திருப்பூர், பெருந்துறை, கரூர், நாமக்கல் என்று நம் பகுதியிலேயே அப்படி இத்தனை இருக்கின்றன. ஓபி சீட்டுப் போட்டுப் போய்க் காட்டினால் போதும். உண்மையான செலவு பஸ்ஸிலும், போகிற நாளின் கூலியிலும்தான். தாளவாடியில் இருக்கிறவர் மாதாமாதம் திம்பம் மலைப்பாதையின் 27 வளைவுகளில் இறங்கிக் கோவைக்கு வரவேண்டும் என்றால் இரண்டு மாதத்தில் விட்டுவிடுவார். கோவையில் ஒருமுறை காட்டி, என்ன மருந்து, எவ்வளவு வலு என்று எழுதி வாங்கிக்கொண்டு, சத்தியமங்கலத்திலோ கோபிசெட்டிபாளையத்திலோ உள்ள தோல் டாக்டரிடம் தொடர்வது அவருக்குச் சரிப்படும். கெட்டிக்கார டாக்டர்கள் இந்த ஏற்பாட்டுக்கு முகம் சுளிக்க மாட்டார்கள்.

சிலிக்கானும் இறுக்கு உடையும்

சிலிக்கான் ஜெல், சிலிக்கான் ஷீட் இரண்டும் தழும்பின்மேல் ஒரு மெல்லிய மூடியாக இருந்து தோலின் ஈரப்பதத்தைக் காக்கின்றன. காயம் முழுதாக மூடிய பிறகுதான் ஆரம்பிக்க வேண்டும், பச்சைப் புண்ணின்மேல் வைக்கக் கூடாது. ஒரு நாளில் 12 மணி நேரத்துக்குக் குறையாமல், 3 முதல் 6 மாதம். இதற்கு இருக்கும் ஆதாரம் பலமானது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தீங்கு கிட்டத்தட்ட இல்லை. புதுத் தையல் தழும்புக்கும் ஹைபர்ட்ராபிக் தழும்புக்கும் இது நல்ல தொடக்கம். பழைய, கெட்டிப்பட்ட கீலாய்டுக்கு இதை மட்டும் நம்பியிருந்தால் காசும் காலமும்தான் போகும்.

வெயில்தான் இதற்கு எதிரி. சித்திரையில் கரூரிலோ ஈரோட்டிலோ ஷீட்டை ஒட்டிக்கொண்டு அரை நாள் இருந்து பாருங்கள், வியர்க்குரு தெரிந்துவிடும். தறிப்பட்டறைக்குள் வேலை செய்கிறவர்களுக்குப் பகலில் முடியவே முடியாது. அவர்கள் பொழுதோட வீட்டுக்கு வந்து குளித்து, ஈரம் துடைத்து, காலைவரை போட்டுக்கொள்ளலாம். ஷீட்டைத் தினமும் கழுவி மறுபடி பயன்படுத்தலாம். முகம், கழுத்து, மடங்குகிற இடங்களுக்கு ஜெல் வசதி. மெலிதாகத் தடவினால் போதும், கெட்டியாக அப்பினால் துணியில்தான் ஒட்டும்.

தீக்காயத் தழும்புக்கு இறுக்கு உடை. பாதரச அளவில் 20 முதல் 30 மில்லிமீட்டர் அழுத்தம் தரும்படி உடம்புக்கு அளவெடுத்துச் செய்வது. குளிக்கிற நேரம் போக நாள் முழுக்கப் போட்டிருக்க வேண்டும், அதுவும் 6 மாதம் முதல் ஒரு வருடம் வரை. உலகத்துக்கே பனியன் தைத்து அனுப்புகிற ஊர்க்காரர்கள் "நம்ம கம்பெனியிலேயே இறுக்கமா ஒண்ணு தெச்சுக்கலாமே" என்று சொல்வது இயல்புதான். அழுத்தம் குறைந்தால் பலன் இல்லை, கூடினால் ரத்த ஓட்டம் பாதிக்கும். ஆகவே அளவெடுக்கத் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். துணியின் இழுவை போய்விடுவதால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிதும் வாங்க வேண்டும். துவைத்துக் கட்ட இரண்டு செட்டாவது வேண்டும். குழந்தைக்கு என்றால் வளர்த்திக்குத் தகுந்தபடி மாற்ற வேண்டும். பெற்றோர் பாதியில் விடுவதற்கு வெயில் ஒரு காரணம், இந்தச் செலவு இன்னொரு காரணம்.

தீக்காயத்தில் இதையெல்லாம்விட முக்கியமான ஒரு கணக்கு உண்டு. இரண்டு வாரத்துக்குள் ஆறிய புண்ணில் தழும்பு தடிப்பது குறைவு. மூன்று வாரத்தைத் தாண்டியும் ஆறாத புண்ணில் தடிக்கிற வாய்ப்பு மிக அதிகம். அதனால்தான் ஆழமான தீப்புண்ணைப் பார்த்ததும் பிளாஸ்டிக் சர்ஜன்கள் தோல் ஒட்டுவது பற்றிப் பேசுகிறார்கள். "தானா ஆறட்டுமுங்க, எதுக்கு ஆப்பரேசன்" என்று அந்த மூன்று வாரத்தைக் கடத்துகிறவர்கள், பிறகு வருடக்கணக்கில் தழும்போடு மல்லுக்கட்டுகிறார்கள். பைக் சைலன்சர் பட்டுக் கெண்டைக்காலில் வருகிற புண்ணும் இந்தக் கணக்கில்தான் வரும். பார்க்கச் சின்னதாக இருக்கும், ஆழம் இருக்கும்.

கத்தியும் கரண்டும்

இப்போது அறுவை. தனியாக அறுப்பது கீலாய்டுக்கு மோசம் என்று சொன்னேன். துணையோடு அறுத்தால் கணக்கு மாறுகிறது. துணை என்பது ஸ்டீராய்டு ஊசி, அழுத்தம், கதிர்வீச்சு ஆகிய மூன்றில் ஒன்றோ இரண்டோ.

காதுமடல்தான் அறுவைக்கு ஏற்ற இடம். சதை காம்பு வைத்துத் தொங்குகிறது, தையலில் இழுவை இல்லை, இரண்டு பக்கமும் பிடித்து அழுத்த வசதி இருக்கிறது. அறுத்த பிறகு தையல் ஓரத்தில் ஸ்டீராய்டு ஊசியைச் சில மாதம் தொடர்வார்கள். காதில் மாட்டுகிற அழுத்தக் கிளிப்பை 6 மாதம், ஒரு வருடம் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். இப்படி முழுதாகச் செய்தவர்களுக்குக் காதில் நல்ல பலன் கிடைக்கிறது. அறுவை முடிந்து காது அழகாகத் தெரிந்ததும் ஊசிக்குப் போகாமல் நின்றுவிடுகிறவர்களுக்குத்தான் மறுபடி வருகிறது. தோடு மறுபடி குத்துவதை மறந்துவிட வேண்டும். குத்தாமலே கவ்விப் பிடிக்கிற தோடு கடைகளில் கிடைக்கிறது.

நடுநெஞ்சும் தோளும் இதற்கு நேர் எதிர். மூச்சு விடும்போதும் கையைத் தூக்கும்போதும் அங்கே தோல் இழுபட்டுக்கொண்டே இருக்கிறது. அங்கே அறுத்தே ஆகவேண்டும் என்றால் கதிர்வீச்சு இல்லாமல் துணியக் கூடாது என்பது என் கருத்து. நம் ஊரில் 'கரண்ட் வைக்கிறது' என்று சொல்வது இதைத்தான். அறுத்த 24 மணி நேரத்துக்குள், தாமதித்தால் இரண்டு நாளுக்குள், முதல் தடவை கொடுத்துவிட வேண்டும். மொத்தம் சுமார் 12 முதல் 20 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரை, சில நாட்களில் பிரித்துக் கொடுப்பார்கள். சேர்த்துச் செய்தால் மறுபடி வருவது ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு என்ற அளவுக்கு இறங்குகிறது. ஆகவே அறுக்கிற சர்ஜனும் கதிர்வீச்சு டாக்டரும் முன்னாலேயே பேசி நாள் குறித்திருக்க வேண்டும். "மொதல்ல அறுத்துருவோம், கரண்ட் அப்புறம் பாத்துக்கலாம்" என்று யாராவது சொன்னால், அந்த இடத்தில் படுக்காதீர்கள். கோவையில் இரண்டு வசதியும் ஒரே வளாகத்தில் உள்ள மருத்துவமனைகள் இருப்பதால் இதற்காகச் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை.

கதிர்வீச்சினால் பின்னால் புற்றுநோய் வருமா என்ற கேள்வி நியாயமானது. கொடுக்கிற அளவு சிறியது, ஆபத்து மிகக் குறைவு என்பதே பொதுவான கருத்து. என்றாலும் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தவிர்ப்பார்கள். தைராய்டு, மார்பகம் பக்கத்தில் இருந்தால் ஒன்றுக்கு இரண்டு முறை யோசிப்பார்கள்.

ஹைபர்ட்ராபிக் தழும்பு வேறு கதை. அங்கே அறுவையின் நோக்கமே பெரும்பாலும் இழுவையை விடுவிப்பதுதான். முழங்கை, விரல், கழுத்து, அக்குள் ஆகிய இடங்களில் தீக்காயத் தழும்பு சுருங்கி மூட்டை மடக்கிப் பிடித்துவிட்டால், தழும்பை இசட் வடிவத்தில் வெட்டி மாற்றித் தைப்பார்கள், அல்லது வெட்டிவிட்டுத் தோல் ஒட்டுவார்கள். இதில் அழகு இரண்டாம்பட்சம், கை நீள வேண்டும் என்பதே முதல். அதுவரை பிசியோதெரபியும், இரவில் கையை நீட்டி வைக்கிற பட்டையும் தொடர வேண்டும். குழந்தைக்கு என்றால், ஒரு வருடம் போகட்டும் என்று மூட்டுத் தழும்பைக் காத்திருக்க விடக்கூடாது. வளர்கிற எலும்பு காத்திருக்காது.

லேசரும் குளிரும்

கோவை ஆர்.எஸ்.புரத்தில் நடந்தால் எத்தனை போர்டு பார்க்கலாம்! லேசரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் விளம்பரம் அளவுக்கு விஷயம் இல்லை. பல்ஸ்டு டை லேசர் தழும்பின் சிவப்பையும் அரிப்பையும் குறைக்கும். புதிய ஹைபர்ட்ராபிக் தழும்புக்கு உதவும். கருத்த தோலில் நிறமி குறுக்கே நின்று லேசரை வாங்கிக்கொள்வதால் கருப்பதும் கொப்புளிப்பதும் நடக்கலாம். தோலில் நுண்ணிய துளைகள் போடுகிற ஃபிராக்ஷனல் கார்பன் டை ஆக்சைடு லேசர் தீக்காயத் தழும்பின் விறைப்பை நன்றாகவே இளக்குகிறது. அந்தத் துளைகள் வழியே ஸ்டீராய்டையும் இறக்கலாம். இதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கீலாய்டை லேசரால் செதுக்கி எடுப்பதாகச் சொன்னால், லேசரில் அறுத்தாலும் அறுப்பதுதான். திரும்ப வருவதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு தடவைக்கு ஆயிரங்களில் ஆகும், பல தடவை வேண்டும். ஊசியை முயன்று பார்க்காமல் நேராக லேசர் பேக்கேஜ் பேசுகிற இடத்தில் கேட்க வேண்டிய கேள்வி: "மறுபடி வந்தா என்ன பண்ணுவீங்க?"

திரவ நைட்ரஜனால் உறைய வைப்பது கிரையோதெரபி. கொதிநிலை மைனஸ் 196 டிகிரி. பரு அளவிலான சின்னக் கீலாய்டுகளுக்கு நல்ல பலன் தருகிறது. ஊசிக்கு முன்னால் லேசாக உறையவைத்தால் தழும்பு வீங்கி இளகி, மருந்து சுலபமாக இறங்கும். சிக்கல் நிறத்தில். தோலுக்கு நிறம் தரும் செல்கள் மைனஸ் 5 டிகிரி அளவிலேயே சாகத் தொடங்கிவிடும். மேடு போய் வெள்ளைத் திட்டு நிற்கும், அது நிரந்தரமாகவும் நிற்கலாம். வெண்புள்ளி நோய் என்று ஊர் பேசும் பயம் உள்ளவர்கள் முகத்திலும் கையிலும் இதைத் தவிர்ப்பது நல்லது. முதுகில் என்றால் யோசிக்கலாம்.

பிளியோமைசின், வெரபாமில் போன்ற ஊசிகளும் இருக்கின்றன. முதல் வரிசை தோற்ற பிறகு டாக்டர் எடுக்கிற ஆயுதங்கள் அவை, நாமாகக் கேட்டு வாங்குவதற்கு அல்ல.

வீட்டில் தடவுவது

வெங்காயச் சாற்றை வைத்துச் செய்த தழும்பு ஜெல்கள் கடையில் நல்ல விலைக்கு விற்கின்றன. அதைப் பார்த்துவிட்டுச் சின்ன வெங்காயத்தை அரைத்துத் தடவுகிறவர்களும் உண்டு, பல்லடம் பக்கம் வெங்காயத்துக்குப் பஞ்சமா என்ன! ஜெல்லுக்கே ஆதாரம் பலவீனம். பச்சை வெங்காயம் தோலை எரிச்சலாக்கும், அவ்வளவுதான். வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்துத் தடவுவதும் பரவலான பழக்கம். 1999இல் வெளியான ஓர் ஆய்வில் அப்படித் தடவியவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்குத் தோல் அழற்சி வந்தது, தழும்புக்கும் பலன் தெரியவில்லை. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, நமக்கெல்லாம் பெருமை. தடித்துப்போன தழும்பை அமுக்கும் வேலையை மட்டும் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்ப்பது வறட்சியையும் அரிப்பையும் குறைக்கும், தாராளமாகச் செய்யலாம்.

செய்யவே கூடாதவை வேறு. மருவுக்குச் செய்வதுபோல் சுண்ணாம்பு வைத்துச் சுடுவது, காதுச் சதையை நூலோ முடியோ கட்டி அறுந்து விழ வைப்பது, மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு களிம்பை மாதக்கணக்கில் சுற்றுத் தோலில் எல்லாம் பூசுவது. முதல் இரண்டும் புதுக் காயம். மூன்றாவது, தழும்பை விட்டுவிட்டு நல்ல தோலை மெலிதாக்கும்.

அப்படியானால் யாருக்கு எது

காதில் பட்டாணி அளவில் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது என்றால் ஊசி. பெரிதாகித் தொங்குகிறது என்றால் அறுவை, ஊசி, கிளிப் மூன்றும் சேர்ந்து. மூக்குத்தி குத்திய சில வாரங்களில் ஓரத்தில் சிவந்து வருகிற சின்னக் கட்டி அநேகமாகக் கீலாய்டே அல்ல. தொற்றோ எரிச்சலோதான், சரியாகக் கவனித்தால் போய்விடும். அதற்கு யாரும் ஸ்டீராய்டு ஊசிக்கு அவசரப்பட வேண்டாம்.

நெஞ்சில் பருவினால் வந்தது என்றால் இரண்டு வேலை. ஒரு பக்கம் ஊசி, தேவைப்பட்டால் கலவை ஊசி. இன்னொரு பக்கம் பருவுக்கே மருந்து. பரு நிற்காதவரை புதுப்புது மேடுகள் முளைத்துக்கொண்டே இருக்கும். இதை விட்டுவிட்டு மேட்டை மட்டும் குறைக்கப் பார்க்கிறவர்கள் ஏராளம். காயமே படாமல் ஒரு கட்டி மெதுவாக வளர்கிறது, ஒரு பக்கமாகப் பரவுகிறது என்றால், ஊசிக்கு முன்னால் சிறு துண்டு எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். கீலாய்டு போலவே தோற்றம் தருகிற அபூர்வமான ஒரு தோல் புற்றுநோய் இருக்கிறது.

மேல்கையில், பிறந்தவுடன் போட்ட பிசிஜி (காசநோய்த் தடுப்பு) ஊசித் தழும்பு தடித்திருக்கிறதா? அரிக்கவில்லை, வளரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். உடை மறைக்கிற இடம், தோளில் கிளறினால் பெரிதாகும் அபாயம் வேறு. ஒன்றும் செய்யாமல் இருப்பதும் ஒரு தேர்வுதான், அதை யாரும் விற்பதில்லை என்பதால் பட்டியலில் வருவதில்லை. சிசேரியன் தழும்பு தடித்து, எல்லைக்குள்ளேயே இருந்தால் சிலிக்கானை ஆறு மாதம் ஒழுங்காகப் போட்டுப் பார்க்கலாம். ஓரங்களைத் தாண்டினாலோ உள்பாவாடை நாடா உரசித் தூங்கவிடாமல் அரித்தாலோ ஊசி.

ஆலைக்காரரின் வெல்லப்பாகுத் தழும்பு காயத்தின் எல்லைக்குள் நிற்கிறது, விரல் தடையின்றி மடங்குகிறது என்றால் இறுக்கு உறை, சிலிக்கான், எண்ணெய்த் தேய்ப்பு, ஒரு வருடப் பொறுமை. விரல் மடங்க மறுத்தால் நேராகப் பிளாஸ்டிக் சர்ஜன்.

ஒருமுறை கீலாய்டு வந்த வீட்டில் காதுகுத்துச் சீர் என்றால் ஒரு யோசனை. 11 வயதுக்குப் பிறகு குத்தியவர்களுக்குக் கீலாய்டு அதிகம் வந்ததாக 2005இல் ஒரு சின்ன ஆய்வு சொன்னது. மாமன் மடியில் உட்காரவைத்துக் கைக்குழந்தைக்குக் குத்துகிற நம் வழக்கத்துக்கு இது ஒருவகையில் ஆதரவுதான். கல்லூரிக்குப் போனபின் குருத்தெலும்பில் இரண்டாவது, மூன்றாவது ஓட்டை போட்டுக்கொள்வதைத்தான் அந்த வீட்டுப் பெண்கள் தவிர்க்க வேண்டும்.

தை முகூர்த்தத்தில் கல்யாணம் என்று மார்கழியில் வந்து நின்றால் எந்த டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது. அவசரத்துக்கு அறுத்தால், தாலி கட்டும் நாளில் தட்டையாக இருந்து, ஆடிச் சீருக்குள் மறுபடி முளைத்துவிடும். ஊசி என்றால் ஆறேழு மாதம் முன்னால், அறுவையும் கதிர்வீச்சும் என்றால் ஒரு வருடம் முன்னால் தொடங்க வேண்டும். தட்டையானதும் நிறம் சரியாகவில்லையே என்று மேலும் ஊசி கேட்காதீர்கள், குழிதான் விழும். நிறம் தானாக மாறுவதற்கு நாளாகும். மேடு அமுங்கிய பிறகும் இரண்டு வருடம்வரை மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை காட்டிக்கொண்டிருங்கள். பழைய இடத்தில் மறுபடி அரிக்கத் தொடங்கினால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் அந்த வாரமே போங்கள், துவரை அளவில் இருக்கும்போது ஓரிரு ஊசியோடு முடிந்துவிடும்.